பக்கமெல்லாம் ஒரே மாதிரி இருந்த வருஷம்

அம்மாவின் கடைக் கடன் நோட்டுகளில் ஒன்றே ஒன்றுதான் இப்போது என்னிடம் இருக்கிறது. நீளவாக்கில் தைத்து, முதுகில் சிவப்புத் துணி ஒட்டிய நோட்டு. 2002 ஆடியில் தொடங்கி 2003 சித்திரையில் முடிகிறது. ஒரு வீட்டுக்கு ஒரு பக்கம். மேலே வீட்டுக்காரர் பேர், அதற்குக் கீழே தேதி, சாமான், ரூபாய், அவ்வளவுதான். அம்மா எழுதிய வரியெல்லாம் தமிழில் இருக்கும், அவள் குளிக்கவோ தண்ணிக்கோ போன நேரத்தில் அப்பா எழுதிய வரியெல்லாம் தெலுங்கில் இருக்கும், ஏனென்றால் அம்மா நாட்றம்பள்ளிப் பக்கம், அப்பா படித்தது குப்பத்தில். ஒரே பக்கத்தில் இரண்டு எழுத்தும் மாறி மாறி வரும். எங்கள் ஊரில் அதை யாரும் விசித்திரமாகப் பார்த்ததில்லை.

ஜோலார்பேட்டையில் ரயில் ஏறினால் பச்சூர் வரைக்கும் தமிழ்நாடு, அதைத் தாண்டினால் மல்லானூர், குப்பம் எல்லாம் ஆந்திரா, பிசாநத்தம் தாண்டியதும் கர்நாடகா. ஒரு மணி நேரத்தில் மூன்று மாநிலம். இந்தத் தண்டவாளத்துக்குப் பக்கத்தில்தான் எங்கள் ஊர். வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் தெலுங்கு, வேலைக்குப் பெங்களூரு. மேட்டு நிலம், செம்மண், மானாவாரி. ராகி, நிலக்கடலை, கொள்ளு, கொஞ்சம் துவரை, போர் போட முடிந்தவர்களுக்குத் தக்காளியும் மல்பெரியும்.

அந்த நோட்டைப் பற்றி எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் என் வேலை. ஆறு வருஷமாகப் பெங்களூரில் ஒரு சின்ன கம்பெனியில் இருக்கிறேன். காலையில் ரயில், ஒயிட்ஃபீல்டில் இறக்கம், ராத்திரி அதே ரயில். வெளிநாட்டு உதவி அமைப்புகள் பஞ்சம் வரக்கூடிய நாடுகளில் வீடு வீடாகப் போய் எடுக்கும் கணக்கெடுப்பு எங்களுக்கு எக்செல் கோப்பாக வரும். அதைச் சுத்தம் செய்து, தப்பானதைப் பிரித்து, அட்டவணை போட்டுத் திருப்பி அனுப்புவது எங்கள் வேலை. நான் அந்த நாடுகளுக்குப் போனதில்லை. ஆனால் அங்கே ஒரு வீட்டில் போன வாரம் எத்தனை நாள் பருப்பு சாப்பிட்டார்கள் என்று எனக்குத் தெரியும்.

கேள்வி உண்மையிலேயே அப்படித்தான் இருக்கும். கடந்த 7 நாளில் தானியம் எத்தனை நாள் சாப்பிட்டீர்கள், பருப்பு எத்தனை நாள், காய் அல்லது கீரை எத்தனை நாள், பழம், கறி மீன் முட்டை, பால், எண்ணெய், சர்க்கரை. ஒவ்வொன்றுக்கும் ஒரு எடை உண்டு. தானியத்துக்கு 2, பருப்புக்கு 3, காய்க்கும் பழத்துக்கும் 1, கறிக்கும் பாலுக்கும் 4, எண்ணெய்க்கும் சர்க்கரைக்கும் அரை. நாளை எடையால் பெருக்கிக் கூட்டினால் அந்த வீட்டுக்கு ஒரு எண் வரும். 21 அல்லது அதற்குக் கீழே இருந்தால் மோசம், 35 வரைக்கும் இழுபறி, அதற்கு மேல் பரவாயில்லை. எண்ணெயும் சர்க்கரையும் தினமும் புழங்கும் ஊர்களில் மட்டும் இந்தக் கோட்டை 28, 42 என்று ஏற்றி வைப்பார்கள்.

இதைக் கற்றுக்கொண்ட முதல் வாரமே எனக்கு அம்மாவின் நோட்டு ஞாபகம் வந்துவிட்டது. நம்ம வீட்டிலேயே இதைத்தானே எழுதிக்கொண்டிருந்தோம் என்று தோன்றியது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை பரணில் ஏறித் தேடியதில், கரையான் விட்டுவைத்த ஒன்று கிடைத்தது.

2002 நாடு முழுக்கவே மழை பொய்த்த வருஷம். பருவமழை வழக்கத்தைவிட 19 சதவீதம் குறைவு, அதிலும் விதைப்பு நேரத்தில், ஜூலை மாதத்தில், கிட்டத்தட்டப் பாதி மழைதான் பெய்தது. எனக்கு அப்போது 12 வயது. அப்பா கடலை விதைத்தார், முளைத்தது, பிறகு காய்ந்தது. இவ்வளவுதான் எனக்கு ஞாபகம் இருக்கிறது. மீதியெல்லாம் நோட்டில்தான் இருக்கிறது.

ஆடி மாதப் பக்கங்களைப் பார்த்தால் ஒவ்வொரு வீடும் ஒவ்வொரு மாதிரி இருக்கும். மேட்டு வீட்டில் துவரம்பருப்பு அதிகம் ஓடும், டீத்தூள் சின்ன பாக்கெட்டாக வாரம் மூன்று தரம் வாங்குவார்கள். கல் உடைக்கப் போகிற மாமா வீட்டில் கருவாடு, பீடி, மிளகாய். புதுசாகக் கல்யாணம் ஆகி வந்த ஒரு அக்கா வீட்டில் ரவையும் பவுடர் டப்பாவும். யார் வீட்டில் சர்க்கரை நோய், யார் வீட்டில் மகள் பிரசவத்துக்கு வந்திருக்கிறாள் என்பது வரைக்கும் பக்கத்தைப் பார்த்தே சொல்லிவிடலாம்.

ஆவணியில் பருப்பு அரைக் கிலோவிலிருந்து காலாகிறது. அப்புறம் 100 கிராம். எண்ணெய்க்கு எதிரே அளவே போய், '3 ரூபாய்க்கு எண்ணெய்' என்று வருகிறது. லிட்டர் கணக்கில் வாங்குபவர்கள் ரூபாய்க் கணக்குக்கு மாறுவது எவ்வளவு பெரிய இறக்கம் என்பது மளிகைக் கடை வைத்தவர்களுக்குத் தெரியும். புரட்டாசியில் கருவாடு நின்றுபோகிறது. அது விரதத்துக்காக இருக்கும் என்று நினைத்து ஐப்பசியைத் திருப்பினேன், அங்கேயும் இல்லை. ஐப்பசி கடைசியில் எல்லாப் பக்கத்திலும் ராகி வருகிறது. இது கொஞ்சம் விளக்க வேண்டிய விஷயம். எங்கள் ஊரில் மழை பெய்த வருஷம் யாரும் கடையில் ராகி வாங்க மாட்டார்கள், அவரவர் வீட்டுக் குதிரில் இருக்கும், மிஷினுக்கு எடுத்துப் போய் அரைத்துக்கொள்வார்கள். கடைப் பக்கத்தில் ராகி ஏறுகிறது என்றால் குதிர் காலி. அதுவும் அறுவடைக்கு ஒரு மாதம் முன்னால்தான் குதிர் காலியாக வேண்டும், அறுவடைச் சமயத்திலேயே காலி என்றால் களத்துக்கு ஒன்றும் வரவில்லை என்று அர்த்தம்.

கார்த்திகைக்கு வந்தால் பக்கமெல்லாம் ஒன்று போல ஆகிவிடுகிறது. ராகி 3 கிலோ, உப்பு, மிளகாய். அடுத்த பக்கம் ராகி 3 கிலோ, உப்பு, மிளகாய். மேட்டு வீடு, கல் உடைக்கிற மாமா வீடு, புதுப்பெண் வீடு என்ற வித்தியாசமே போய்விட்டது. மேலே இருக்கும் பேரை மறைத்துவிட்டால் யார் வீடு என்று சொல்ல முடியாது.

இதை நான் பார்த்திருக்கிறேன், தொட்டுப் பார்த்திருக்கிறேன். பார்த்திருந்தும் அந்தத் தப்பைச் செய்தேன்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஆப்பிரிக்கக் கொம்புப் பகுதியில் ஒரு நாட்டிலிருந்து ஒரு கோப்பு வந்தது. நாட்டின் பேரைச் சொல்ல எனக்கு அனுமதி இல்லை. அதில் ஒரு கிராமக் கொத்தில் 24 வீடு. அந்த 24இல் 22 வீட்டின் பதில்கள் அச்சு அசலாக ஒன்றாக இருந்தன. தானியம் 5 நாள், கீரை 7 நாள், மற்றதெல்லாம் பூஜ்யம். கணக்குப் போட்டால் 22 வீட்டுக்கும் 17. எங்கள் வேலையில் இதற்கு ஒரு விதி இருக்கிறது. கணக்கெடுக்கப் போனவர் வெயிலில் அலையாமல் மரத்தடியில் உட்கார்ந்து தானே நிரப்பினால் பதில்கள் இப்படித்தான் ஒரே மாதிரி வரும். அதனால் ஒரே ஆள் எடுத்த பேட்டிகள் அளவுக்கு மீறி ஒத்துப்போனால் சிவப்பு அடிக்க வேண்டும். நான் அடித்தேன். கொத்தையே நீக்கலாம் என்று குறிப்பும் எழுதினேன். மேலே இருந்தவர்கள் ஒத்துக்கொண்டார்கள், யாரும் களத்துக்குப் போன் போட்டுக் கேட்கவில்லை, அட்டவணை அனுப்பும் கெடு அன்று சாயங்காலம்.

பத்து நாள் கழித்து அந்தக் கணக்கெடுப்பாளரிடமிருந்து பதில் வந்தது. கோபமாக எழுதியிருக்கலாம், அவர் அப்படி எழுதவில்லை. நிவாரண லாரி ஒன்று வந்தது, சோளத்தை எல்லா வீட்டுக்கும் சமமாகப் பங்கு போட்டார்கள், அது 5 நாளுக்குத்தான் வந்தது, 7 நாளும் எல்லோரும் காட்டுக் கீரை பறித்துத் தின்றார்கள், மிச்சம் இருந்த 2 வீட்டில் ஒன்றில் ஒரு ஆடு பால் கொடுக்கிறது, இன்னொன்றில் மகன் பணம் அனுப்புகிறான். இவ்வளவுதான் அவர் எழுதியது. அதற்குள் அந்த மாத அட்டவணை அந்தக் கிராமம் இல்லாமலேயே போய்ச் சேர்ந்துவிட்டது. அடுத்த சுற்றில்தான் சேர்த்தார்கள்.

அந்த மின்னஞ்சலை ரயிலில் வைத்துப் படித்தேன். காமசமுத்திரம் வரைக்கும் நின்றுகொண்டே வந்தேன், இடம் கிடைத்தும் உட்காரத் தோன்றவில்லை.

இந்த வேலையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் செய்தியில் பஞ்சம் அறிவிப்பு என்று ஒரு வரி வரும்போது அதற்குப் பின்னால் என்ன நடக்கிறது என்று பலருக்குத் தெரிவதில்லை. 2004இல் சோமாலியாவில், ஐ.நா.வின் உணவு வேளாண்மை அமைப்பின் கீழ் இருந்த ஒரு பிரிவு ஒரு அளவுகோலை உருவாக்கியது. அதை இன்று ஐபிசி என்கிறார்கள். ஒரு பகுதியின் உணவு நிலைமையை ஐந்து கட்டமாகப் பிரிப்பது அதன் முறை. ஒன்று பெரிய பிரச்சினை இல்லை, இரண்டு அழுத்தம், மூன்று நெருக்கடி, நான்கு அவசரநிலை, ஐந்தாவது பஞ்சம். மூன்றிலேயே ஆடு மாடு, விதை தானியம், பாத்திரம் என்று விற்க ஆரம்பித்துவிடுவார்கள், உதவி அப்போதே போய்ச் சேர வேண்டும்.

ஐந்தாவது கட்டத்துக்கு மூன்று நிபந்தனை. 20 சதவீத வீடுகளில் சாப்பாடு கிட்டத்தட்ட இல்லவே இல்லை என்ற நிலை. ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 30 சதவீதம் பேருக்குக் கடும் மெலிவு. பசியாலும் அது இழுத்து வரும் நோயாலும் 10,000 பேருக்குத் தினம் 2 சாவு. இந்த மூன்றாவதை நான் எங்கள் ஊருக்குப் போட்டுப் பார்த்தேன். 5,000 பேர் உள்ள பஞ்சாயத்து என்றால் தினம் ஒரு பாடை. அங்கன்வாடியில் 30 குழந்தை என்றால் ஒன்பது குழந்தையின் எலும்பு தெரியும். அந்த அளவுக்குப் போன பிறகுதான் அந்த வார்த்தையைச் சொல்ல முடியும்.

அதனால்தான் சொல்வது எப்போதும் தாமதமாகிறது. சோமாலியாவில் 2010 ஆகஸ்டிலேயே, லா நினா, அதாவது பசிபிக் கடல் குளிர்வது, வருகிறது, மழை பொய்க்கும் என்று எச்சரித்துவிட்டார்கள். அந்த வருஷக் கடைசியின் மழைக்காலம் பொய்த்தது. மறுபடி எச்சரித்தார்கள், அடுத்த மழையும் சரியில்லை. ஒவ்வொரு மாதமும் அறிக்கை போனது. பணம் வரவில்லை. 2011 ஜூலை 20 அன்று பஞ்சம் என்று அறிவித்தார்கள், அதற்கப்புறம்தான் உலகம் திரும்பிப் பார்த்தது. மொத்தம் இறந்தவர்கள் சுமார் 2,60,000 பேர், பாதிப் பேர் ஐந்து வயதைத் தாண்டாதவர்கள். அறிவிப்பு வந்த நாளில் அவர்களில் ஏராளமானோர் ஏற்கெனவே புதைக்கப்பட்டிருந்தார்கள். 2022இல் அதே நாட்டில் மறுபடி வறட்சி வந்தபோது, பய்டோவா பக்கம் பஞ்சம் வரும் என்று முன்னாலேயே கணித்து, உதவி ஓரளவு போய்ச் சேர்ந்ததால் அந்தக் கோட்டைத் தாண்டாமல் தடுத்தார்கள். அப்படியும் அந்த வருஷம் வறட்சியால் கூடுதலாக 43,000 பேர் இறந்ததாக மதிப்பிட்டார்கள். கோட்டைத் தாண்டாததால் அது பஞ்சம் ஆகவில்லை. எனக்கு இது உறுத்திக்கொண்டே இருக்கிறது.

வீட்டுப் பேட்டி ஒரு பகுதிதான். மழை எவ்வளவு, நிலம் எவ்வளவு பச்சையாக இருக்கிறது என்பதை செயற்கைக்கோள் பார்க்கிறது. அது நல்ல ஏற்பாடுதான், ஆனால் பச்சையெல்லாம் பயிர் கிடையாது. எங்கள் பக்கத்து ஏரிக்குள் மண்டியிருக்கும் சீமைக் கருவேலம்தான் எத்தியோப்பியாவின் அஃபார் பகுதியிலும் கென்யாவின் வறண்ட மாவட்டங்களிலும் மேய்ச்சல் நிலத்தை விழுங்கிக்கொண்டிருக்கிறது, அது எந்தக் கோடையிலும் பச்சையாக நிற்கும். மேலேயிருந்து பார்த்தால் பச்சை, கீழே மாட்டுக்கு வாய் வைக்கப் புல் இருக்காது.

சந்தை விலை அதைவிட நம்பகமானது என்பேன். அதிலும் ஒரு ஆட்டுக்கு எத்தனை கிலோ தானியம் என்ற கணக்கு. சோமாலியா, கென்யா, எத்தியோப்பியா மேய்ச்சல் பகுதிகளில் மாதாமாதம் இதைத்தான் பார்ப்பார்கள். வறட்சி வந்தால் எல்லோரும் ஒரே நேரத்தில் ஆட்டைச் சந்தைக்கு ஓட்டுவார்கள், ஆட்டு விலை விழும், தானிய விலை ஏறும், இரண்டுக்கும் நடுவில் குடும்பம் நசுங்கும். 2002இல் குப்பம் சந்தையில் அப்பா முதல் வெள்ளாட்டை விற்றபோது இரண்டு மூட்டை ராகிக்குப் பணம் வந்தது. மாசியில் அதே மந்தையின் இன்னொரு ஆட்டை விற்றார், ஒரு மூட்டைக்கே கையிலிருந்து போட வேண்டியிருந்தது. ஊரில் தானியமே இல்லாமல் போகவில்லை. எங்கள் கடையிலேயே மூட்டை மூட்டையாக இருந்தது. அதை வாங்கும் வழி ஒவ்வொரு வீட்டுக்கும் ஒவ்வொரு நாளாக அடைந்துகொண்டே வந்தது. அமர்த்தியா சென் வங்கப் பஞ்சத்தை வைத்து உலகத்துக்கு எடுத்துச் சொன்னது இதைத்தான், எங்கள் கடைத் திண்ணையில் உட்கார்ந்து பார்த்தவர்களுக்கு அது கண்ணெதிரே நடந்தது.

அப்புறம் குழந்தையின் கை. இதற்கு ஒரு நாடா உண்டு, பிளாஸ்டிக், ஒரு பக்கம் துவாரம், அதில் நுனியைக் கோத்து இழுக்க வேண்டும். இடது கையில், தோளுக்கும் முழங்கைக்கும் சரியாக நடுவில் சுற்ற வேண்டும். இறுக்கவும் கூடாது, தொங்கவும் கூடாது. 12.5 சென்டிமீட்டருக்கு மேல் பச்சை, 11.5 வரைக்கும் மஞ்சள், அதற்குக் கீழே சிவப்பு. சிவப்பு என்றால் அந்தக் குழந்தைக்கு உடனே சிகிச்சை உணவு வேண்டும். ஆறு மாதத்திலிருந்து ஐந்து வயது வரைக்கும் ஒரே அளவுதான் பார்க்கிறார்கள், ஏனென்றால் அந்த வயதில் மேல்கைச் சுற்றளவு அதிகம் மாறுவதில்லை. கோப்பில் இந்த எண்களைப் பார்க்கும்போது 12.0, 12.5, 13.0 என்று முழுசாகவும் அரையாகவும் குவிந்திருந்தால், அளந்தவர் கண்ணால் உருட்டிவிட்டார் என்று தெரிந்துவிடும். உண்மையான கைகள் 12.3, 11.8, 12.7 என்றுதான் வரும்.

அந்த நாடா ஒன்றை வீட்டுக்கு எடுத்து வந்தேன். அம்மா அதை வாங்கி, கோத்து, அவிழ்த்து, திரும்பக் கோத்து, வெகு நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இது தாயத்து கட்டற எடம் ஆச்சே" என்றாள்.

எனக்குப் புரியவில்லை.

"அந்த வருஷம் கொழந்தைங்க கடைக்கு வரும் பாப்பா. கையில தாயத்துக் கயிறு இங்க இருந்தது, தையில முழங்கைக்கு வந்துடுச்சி. தாய்மாருங்க அவிழ்த்து இறுக்கிக் கட்டுவாங்க, அடுத்த மாசம் மறுபடி எறங்கும். நான் அதப் பாத்துதான் பால் பவுடர் கடனுக்குக் குடுத்தேன்."

நோட்டில் போய்ப் பார்த்தேன். தை மாதத்தில் ஆறு பக்கத்தில் பால் பவுடர் இருக்கிறது, எதிரே ரூபாய் எழுதவில்லை.

எச்சரிக்கை என்பது இந்த நாட்டுக்கு ஒன்றும் புதுசு கிடையாது. 1911இல் சித்தூர் தனி மாவட்டம் ஆகும் வரைக்கும் இந்தப் பக்கமெல்லாம் வட ஆற்காடு. தாது வருஷப் பஞ்சம், அதாவது 1876இல் தொடங்கியது, வட ஆற்காட்டை அரித்துத் தின்றது. அந்தப் பஞ்சத்தில் நாடு முழுக்க இறந்தவர்கள் 50 லட்சத்துக்குக் குறையாது. வைஸ்ராய் லிட்டன் பிரபு அனுப்பிவைத்த ரிச்சர்ட் டெம்பிள் என்ற அதிகாரி, நிவாரண வேலையில் நாள் முழுக்க மண் சுமப்பவனுக்கு ஒரு ராத்தல் தானியமும் ஒரு அணாவும் போதும் என்று கூலியைக் குறைத்தார். ஒரு ராத்தல் என்றால் அரைக் கிலோகூட இல்லை. மதராஸ் சுகாதார ஆணையராக இருந்த கார்னிஷ் என்ற மருத்துவர், இதைத் தின்று உடம்பு உழைக்காது, சாகும் என்று எதிர்த்து எழுதினார். அதற்கெல்லாம் பிறகு 1880இல் பஞ்ச ஆணையம் அறிக்கை கொடுத்தது, 1883இல் பஞ்ச விதித்தொகுப்பு வந்தது.

அந்த விதித்தொகுப்பில் அதிகாரிகள் கவனிக்க வேண்டிய அறிகுறிகள் என்று சில சொல்லியிருக்கிறார்கள். தானிய விலை ஏறுவது, வியாபாரி கடன் கொடுப்பதை நிறுத்துவது, ஜனங்கள் ஊரை விட்டு இலக்கில்லாமல் நடப்பது, பிச்சைக்காரர்கள் கூடுவது, சின்னத் திருட்டு பெருகுவது. இதையெல்லாம் பார்த்தால் கலெக்டர் சோதனை வேலை ஒன்றைத் திறக்க வேண்டும், அந்தக் கடும் வேலைக்கு எத்தனை பேர் வருகிறார்கள் என்பதை வைத்துப் பஞ்சத்தை எடை போட வேண்டும். மனிதனை வருத்திச் சோதிக்கும் முறை, அதை நான் நியாயப்படுத்த மாட்டேன். ஆனால் அறிகுறிகள் எல்லாம் சரியான அறிகுறிகள். வியாபாரி கடனை நிறுத்துவது என்ற இடத்தில் நான் அம்மாவை நினைத்துக்கொண்டேன். 2002 மார்கழியில் குப்பத்து மண்டிக்காரர் எங்களுக்குக் கடன் நிறுத்தினார். அவர் நிறுத்தினால் நாங்கள் ஊருக்கு நிறுத்த வேண்டும். அம்மா தாலிச் சரடை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை அடகு வைத்தாள், அதனால் ஊரில் கடன் மாசி வரைக்கும் ஓடியது.

1943இல் வங்கத்தில் 30 லட்சம் பேர் செத்தபோது இந்த விதித்தொகுப்பு புத்தகமாகக் கையில்தான் இருந்தது. பஞ்சம் என்று அறிவிக்கவே இல்லை. அறிவித்தால் விதிப்படி இத்தனை ராத்தல் கொடுத்தாக வேண்டும், கொடுக்கத் தானியம் இல்லை, அதனால் அந்த வார்த்தையை விட்டுவிட்டார்கள். வார்த்தைக்குப் பயப்படுவது இன்றும் நடக்கிறது. 2024 ஆகஸ்டில் சூடானின் சம்சம் முகாமில் பஞ்சம் என்று உறுதியானது. அந்த டிசம்பரில், இன்னும் ஐந்து இடத்துக்குப் பரவக்கூடும் என்ற அறிக்கை வர இருந்த சமயத்தில் சூடான் அரசாங்கம் ஐபிசி ஏற்பாட்டில் பங்கெடுப்பதையே நிறுத்திவைக்கிறோம் என்று அறிவித்தது. 2025 ஆகஸ்ட் 22 அன்று காசா நகரப் பகுதியில் பஞ்சம் உறுதி என்று சொன்னபோது, அளந்த முறையே தப்பு என்று இஸ்ரேல் அரசு மறுத்தது. அங்கே தராசும் நாடாவும் எடுத்துக்கொண்டு குண்டு விழும் தெருவில் போய் அளந்தவர்கள் பேரெல்லாம் எந்த அறிக்கையிலும் வராது, ஆனால் அவர்கள் அளந்த ஒவ்வொரு கையும் ஒரு குழந்தையின் கை.

2025 ஜனவரி கடைசியில் ஒரு நாள் ரயிலில் வழக்கம் போல ஃபியூஸ்நெட் பக்கத்தைத் திறந்தேன், திறக்கவில்லை. எத்தியோப்பியப் பஞ்சத்துக்குப் பிறகு 1985இல் அமெரிக்கப் பணத்தில் தொடங்கிய எச்சரிக்கை வலையமைப்பு அது, எங்கள் வேலையில் தினமும் அதில்தான் முழிப்போம், ஊருக்கு ஊர் பயிர்க் காலம் எது, எந்தச் சந்தையில் சோளம் என்ன விலை என்று எல்லாம் அதில் இருக்கும். அமெரிக்க அரசு வெளிநாட்டு உதவியை நிறுத்தியதும் நாற்பது வருஷ வேலை ஒரே வாரத்தில் இருட்டாகிவிட்டது. சில மாதம் கழித்துத் திரும்ப வந்தது, வந்தபோது எங்கள் அலுவலகத்தில் எல்லோரும் ஒருவரை ஒருவர் கூப்பிட்டுக் காட்டினோம். ஆனால் நடுவில் போன மாதங்கள் போனதுதான். அந்த மாதங்களில் ஏதோ ஒரு சந்தையில் ஆடு விலை விழுந்திருக்கும், பார்த்து எழுத ஆள் இருந்திருக்காது. 2024இல் மட்டும் 53 நாட்டில் 29.5 கோடிப் பேர் கடும் பட்டினியில் இருந்தார்கள் என்று கணக்கு. கணக்கில் வந்தவர்கள் அவ்வளவு. சண்டை நடக்கும் ஊர், போன் கோபுரம் விழுந்த ஊர், கணக்கெடுப்பாளர் போக முடியாத ஊர் எல்லாம் வரைபடத்தில் சாம்பல் நிறத்தில் இருக்கும். புதுசாக வேலைக்குச் சேருகிற பிள்ளைகள் சிவப்பைப் பார்த்துப் பதறுவார்கள், சாம்பலைத் தாண்டிப் போய்விடுவார்கள். நான் அவர்களை நிறுத்தி அந்தச் சாம்பலைத்தான் முதலில் பார்க்கச் சொல்கிறேன்.

ஏனென்றால் நோட்டில் அப்படித்தான் இருந்தது. கார்த்திகையில் எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி ஆனது என்றேன். தையில் சில பக்கங்களில் வரிகளே நின்றுவிட்டன. மேலே பேர் இருக்கிறது, மார்கழி 11 வரைக்கும் தேதி இருக்கிறது, அதற்குப் பிறகு கோடு போட்ட வெறும் தாள். கடன் அடைந்தால் அம்மா குறுக்கே ஒரு கோடு இழுப்பாள், அந்தக் கோடும் இல்லை. பெங்களூருக்குக் கட்டட வேலைக்கு ரயிலேறியவர்கள் கொஞ்சம் பேர். இதற்கு மேல் கடன் கேட்க வாய் வராமல் நின்றுபோனவர்கள் கொஞ்சம் பேர். பக்கத்தைப் பார்த்தால் இரண்டும் ஒன்றுதான். அம்மா ராத்திரி கடை சாத்தியதும் நோட்டைப் புரட்டி, வரி நின்றுபோன வீடாகப் பார்த்து, மறுநாள் காலையில் ஒரு பையோடு கிளம்பிப் போவாள். ஒரு பக்கத்தில் அவள் எழுத்தில் இப்படி இருக்கிறது: 'தை 3. வீட்டுக்குப் போனேன். கிழவி மட்டும். ராகி 2 கிலோ. கணக்கு இல்லை.' அதற்கு அடுத்த வரி அப்பாவின் தெலுங்கு எழுத்தில், தை 9, ராகி 2 கிலோ. அப்பாவும் போயிருக்கிறார், இதுவரைக்கும் எனக்குத் தெரியாது.

நான் நீக்கிய அந்த 22 வீட்டைப் பற்றி அம்மாவிடம் சொன்னது ரொம்ப நாள் கழித்துத்தான். அவள் என்னைத் திட்டவில்லை, சமாதானமும் சொல்லவில்லை.

"அடுத்த மாசம் போய்ப் பாத்தாங்களா?" என்று கேட்டாள்.

"போனாங்கம்மா. இருபத்தி ரெண்டுல பதினாலு வீடு இருந்தது. எட்டு வீடு காலி."

"எங்க போனாங்களாம்?"

அந்தக் கோப்பைத் திறந்து பார்த்தேன். எட்டு வீட்டுக்கும் எதிரே பேட்டி கிடைக்கவில்லை என்பதற்கான குறியீடு இருந்தது, 9. வேறு எதுவும் எழுதப் படிவத்தில் கட்டம் இல்லை. இந்த வருஷம் எங்கள் கேள்விப் படிவத்தில் ஒரு கட்டம் கூடுதலாகக் கேட்டு எழுதியிருக்கிறேன். வீடு காலி என்றால் பக்கத்து வீட்டில் கேட்டு, எங்கே போனார்கள், எப்போது, யார் யார் என்று நிரப்ப. இரண்டு நாட்டுக் குழுக்கள் சேர்த்துக்கொண்டார்கள். மூன்றாவதிலிருந்து இன்னும் பதில் வரவில்லை, திங்கட்கிழமை மறுபடி எழுதணும்.